அடையாற்றுப் பம்பில் என்ன விலை

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். எங்களுக்கு வீடு மந்தைவெளியில். கார் என்றால் பலர் ஓட்டித் தேய்ந்து எங்களிடம் வந்த கார்; என் தங்க வளையல்கள் அதற்குள்தான் போயின. அதனால் அதைப்பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பெட்ரோல் விலை அப்போது ஒரு நிலையில் நின்றதே இல்லை. பம்புக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பலகையில் சாக்கட்டியால் எழுதுவார்கள், அழிப்பார்கள். காலையில் மயிலாப்பூரில் குறைவு, மத்தியானம் மாம்பலத்தில் குறைவு. மீன் விலையைக்கூட நம்பலாம். இன்று போட்டால் நாளை இறங்கிவிடுமோ என்று இவர் டாங்கியைக் காயப்போட்டே வைத்திருப்பார். முன் சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருந்த டாங்கிக்குள் மூங்கில் குச்சியை விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்து, "இன்னிக்கு ஓடும்" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. விலை பார்க்கவே ஊரைச் சுற்றி எரித்த பெட்ரோலை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் அடுப்பு எரிந்தது ஒரு மயிலாப்பூர் வக்கீலால். தினமும் அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவிட்டு அழைத்துவர மாதச் சம்பளம் பேசியிருந்தார். அவர் விட்டால் கார் கையை விட்டுப் போய்விடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் அடையாறு வரைக்கும் கூடையோடு நடப்பவள். "நைனா, அடையாத்துல ஒரணா கொறச்சுட்டான்" என்று ஒரு சாயங்காலம் இவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் வக்கீலுக்கு அடையாற்றில்தான் வேலை. ஒரு பெரிய மனிதரை, அவர் ரயிலுக்குக் கிளம்புமுன் பங்களாவில் பார்த்தாக வேண்டும்.

"இங்கயே கொஞ்சம் போட்டுக்கினு போங்களேன்" என்றேன்.

"அடையாத்துக்குத்தானே போறேன். அங்க போட்டுக்கறேன். இன்னா அவசரம்?"

குச்சியைக் காட்டினார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

அந்தக் காரில் பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகவேண்டும். டாங்கியில் கொஞ்சமாக இருந்தால், மேடேறும்போது முன்பக்கம் உயர்ந்து பெட்ரோல் பின்னால் தங்கிவிடும். கார் நின்றுவிடும். அதற்கு டிரைவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேடேற்றுவது.

வெயில் ஏறும் நேரத்தில் மீன்கார அம்மாள் வந்தாள். கூடையை இறக்கவில்லை.

"உங்கூட்டுக் காரு அடையாத்துப் பாலத்து மேட்டுல பின்னாலேயே போவுதும்மா. மாட்டு வண்டியெல்லாம் நின்னுகினு கீது. வக்கீலய்யா மயிலாப்பூரப் பாத்துக்கினே அடையாத்துக்குப் போறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் கொடுமை. அப்புறம் மீதியையும் சொன்னாள். வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்ததும் வக்கீல் இறங்கிவிட்டாராம்; தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு வேகாத வெயிலில் நடந்தே போனாராம். அன்றைக்கு மீன் வாங்கவில்லை.

மத்தியானம் இவர் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். வக்கீல் போய்ச் சேருமுன் பெரிய மனிதர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாராம். அடையாற்றில் பெட்ரோல் போட்டுக்கொண்டு இவர்தான் வக்கீலைத் திரும்ப அழைத்துவந்தாராம். வக்கீல் தன் வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாராம்: "நாளைலேர்ந்து நீ வரவேண்டாம்ப்பா. ஜட்காக் குதிரையாவது முன்னாலே பார்த்துண்டு போகும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அடையாத்துல இன்னா வெலை?" என்று கேட்டேன்.

"நம்ம பக்கத்து வெலைதான். காலையில ஏத்திட்டானாம்."

மழைக்காலத்துக்கு முன்பே காரை விற்றோம். இவர் வேறொருவர் வீட்டுக் காரை ஓட்டப் போனார். அங்கே பெட்ரோல் முதலாளியின் கவலை. ராத்திரி நடந்தே வீடு வருவார். வழியில் பம்புப் பலகையைப் பார்க்காமல் வரமாட்டார்.

"மந்தைவெளியிலேயே ரெண்டணா எறக்கிட்டான்" என்று ஒருநாள் இலை முன்னால் உட்கார்ந்து சொன்னார். நான் கண்ணாடி வளையல் போட்ட கையால் சோறு போட்டேன். அவர் கையைப் பார்த்தார். மறுநாள் விலை சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சொன்னார்.