அக்காவின் மாடும் என் முத்திரையும்

இரத்தம் குடிக்கும் அட்டைகளை ஆராய்வது என் தொழில். ஐரோப்பாவின் வடகோடியில், பனி கொட்டும் ஓர் ஊரில் இலங்கையின் கௌரவத் தூதர், அதாவது கொன்சலும் நான்தான். சம்பளம் கிடையாது. ஒரு கொடியும் ஒரு முத்திரையும் உண்டு.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருக்கும் என் அக்காவை இரண்டுமே அசைக்கவில்லை.

"நாங்க சுண்ணாம்பு தடவி விரட்டுன அட்டைய நீ கண்ணாடிப் பெட்டியில வச்சு வளக்குற. இதுக்குத்தான் படிச்சியா?"

என் மனைவிக்கு ஐப்பசியில் பிரசவம். பிள்ளைக்கு அரைஞாண் கட்ட அத்தை வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அக்கா. அவளோ முதல் தடவை விசா கேட்கப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்திருந்தாள். "எப்போது திரும்பி வருவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். விருந்துக்குப் போகுமுன்பே கிளம்பும் நாளைச் சொன்னால் அந்த வீட்டை அவமதித்ததாகும் என்பது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சட்டம். "அத நான் எப்படிங்க சொல்றது? தம்பி போகச் சொல்ல மாட்டானே" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். விசா இல்லை.

லீவு போட்டுப் பறந்து வந்தேன். இரண்டு வாரம் லயத்து வாசலில் நாற்காலி போட்டு, டை கட்டி, விசா அதிகாரியாக உட்கார்ந்து பயிற்சி கொடுத்தேன்.

"எப்ப திரும்புவீங்க?"

"வர்றதுக்கு முன்னாடியே விரட்டுறியேடா!"

இது தேறாது என்று தெரிந்ததும், என் அருமை பெருமைகளை மூன்று பக்கச் சிபாரிசுக் கடிதமாக எழுதி முத்திரை குத்தினேன். பதுளையில் அவளுக்குப் புதுப் போட்டோ எடுத்து, கொழும்பு ரயிலேறினோம்.

விசா அலுவலகத்துக்குள் போனவள் பத்தே நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"கடிதத்தக் கொடுத்தியா?"

"யாரும் கேக்கலியே."

"திரும்புற நாளக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. என் மாடு தையில கன்னு போடும், மார்கழிக்குள்ள வந்துருவேன்னேன். தம்பி பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி இருக்கு, என் மாட்டுக்கு யாருங்க இருக்கான்னு போன்ல அது போட்டோவையும் காட்டுனேன். கேள்வி கேட்ட அந்தம்மா சிரிச்சிட்டாங்க."

"மாடு சினையா? எனக்குத் தெரியாதே!"

"ரெண்டு வாரமா அது பக்கத்துலதான நாற்காலி போட்டு உக்காந்திருந்த? நீயெல்லாம் என்ன உயிரியல் படிச்ச?"

விசா வந்தது. மாட்டின் செல்வாக்கில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றே போனில் டிக்கெட் போட உட்கார்ந்தேன். அக்கா பின்னால் வந்து நின்றாள். "திரும்புற நாள் மார்கழி பத்துன்னு போடு."

கேட்டுக் கேட்டு என் தொண்டை வற்றிய அதே தேதி. இப்போது விரல்தான் அழுத்த மறுத்தது.

"அக்கா, மாட்ட பக்கத்து வீட்டுல பாத்துக்க மாட்டாங்களா? இன்னும் ஒரு மாசம்..."

எந்தக் கொன்சலும் கேட்கக் கூடாத கேள்வி அது.

"அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்டா" என்று என் தலையில் குட்டினாள். "கொன்சலாம் கொன்சல். அமுக்கு."