பட்டியலில் விடுபட்ட பிள்ளையைத் தேடியவர்

அன்வர் அண்ணனின் குரல்பதிவு வந்தபோது தோஹா நஜ்மாவில் ஒரு காய்கறிக் கடையில் கீரைக் கட்டோடு நின்றிருந்தேன். "தங்கச்சி, நம்ம பெரிய மேடம் போயிட்டாங்களாம்மா. அவங்க ஊர்லதான். தூக்கத்துலயே." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் நாலு கட்டுக் கீரை இருந்தது. யாருக்கு என்று வாங்கினேனோ, தெரியவில்லை.

அது நடந்து ஒரு மாதமாகிறது. தாமதமாகத்தான் எழுதுகிறேன். தோஹாவில் ஒரு சின்ன கரீபியன் தீவு நாட்டின் தூதராக இருந்த டாக்டர் கிளாரிஸ் முனியனை உங்களில் பலர் இங்கே தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாவில் பார்த்திருப்பீர்கள். சேலை கட்டி வந்து, ஆங்கிலத்தில் பேசிவிட்டு, மூன்று முறை சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவர். அவருக்கு நான் செயலாளராக இருந்தேன். அன்வர் அண்ணன் டிரைவர்.

மேடம் அடிப்படையில் சரித்திரப் பேராசிரியர். மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன கப்பல்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி எல்லாம். பிறகு தேர்தலில் நின்று கல்வி அமைச்சரானார். அடுத்த தேர்தலில் தோற்றார். "தோற்றவர்களை வீட்டில் வைத்திருந்தால் கட்சிக்குத் தொந்தரவு. அதனால் கோட் போட்டுவிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று தன் பதவியைப் பற்றி அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் ஒரு கூத்து நடந்தது. என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்றே கால் வயது. மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை. பார்த்துக்கொள்ளும் மலையாளச் சேச்சியும் வரவில்லை என்று அலுவலகத்துக்கே தூக்கி வந்திருந்தேன். திருச்சியிலிருந்து மாமியார் போனில், "இன்னைக்குச் செவ்வாக்கெழமை, விட்டுடாத, சுத்திப் போடு" என்றார். காய்ச்சல், பல், தொண்டை என்று ஆயிரம் பயம் எனக்கு. யோசிக்கவே இல்லை. உப்பு, கடுகு, மிளகாய் எடுத்துக் குழந்தையைச் சுற்றி, அலுவலகச் சமையலறை அடுப்பில் போட்டுவிட்டேன். கட்டடம் முழுக்க அபாய மணி அலறியது. ஆறு மாடி ஆட்களும் ஜூலை வெயிலில் தெருவுக்கு வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வேறு.

"அந்த மிளகாய மைக்ரோவேவ்ல வச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே தங்கச்சி" என்றார் அன்வர் அண்ணன். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேடம் என் பக்கத்தில் வந்து ரகசியமாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"நெடி வந்ததா?"

"வந்தது மேடம். இருமித் தள்ளிவிட்டேன்."

"அப்படியானால் குழந்தைக்குத் திருஷ்டி இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்."

அவர்கள் வீட்டில் தமிழ் போய் மூன்று தலைமுறை ஆகியிருந்தது. மிளகாய் மட்டும் போகவில்லை.

அந்த வாரம்தான் அவர் இரண்டு தாள்களைக் காட்டினார். ஒன்று, கப்பல் ஏறுவதற்குமுன் ஆட்களைத் தங்கவைத்திருந்த மதராஸ் டிப்போவில் எழுதிய பட்டியல். அவருடைய கொள்ளுப்பாட்டியின் பெயர், வயது இருபத்திரண்டு, பிள்ளைகள் இரண்டு. இன்னொன்று, தீவில் இறங்கியபோது எழுதியது. அதே பெயர். பிள்ளை ஒன்று. வழியில் இறந்தவர்களின் கணக்கில் எந்தப் பிள்ளையும் இல்லை. "அது கப்பலில் ஏறவே இல்லை, சுதா. யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் படித்த எல்லாக் காகிதமும் அந்த ஒரு பிள்ளையைத் தேடித்தான்."

அடுத்த மாதம் சேச்சி நின்றுவிட்டார். என் கணவருக்கு சைட்டில் விடிகாலை டியூட்டி. வேறு வழி தெரியாமல் யாழினியைத் திருச்சியில் என் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். இங்கே பாதி வீடுகளில் நடப்பதுதான். அன்றிலிருந்து மேடம் தினமும் பதினோரு மணிக்குத் தன் அறையை எனக்கு விட்டுவிட்டு வரவேற்பு மேசையில் போய் உட்கார்ந்துகொள்வார், நான் குழந்தையோடு வீடியோவில் பேசுவதற்காக. தூதர் போன் எடுத்துப் பேசுகிறார் என்று தெரியாமல் எத்தனை பேர் அவரை அதட்டியிருக்கிறார்கள்!

ஒருநாள் நான் கண் சிவந்து வெளியே வந்தேன். என்ன என்று கேட்டார். யாழினி என் அம்மாவை "அம்மா" என்கிறாள், என்னை "போனம்மா" என்கிறாள் என்று சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத்தனை வருடமும் நான் தாயின் காகிதங்களில்தான் தேடியிருக்கிறேன்," என்றார். "அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு யாரை அம்மா என்று கூப்பிட்டிருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை."

பதவிக்காலம் முடிந்து அவர் ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் அந்த இரண்டு தாள்களின் நகலை என் கைப்பையில் அவரே திணித்தார். பிறகு மாதம் ஒரு குரல்பதிவு வரும். எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே கேள்வி: "அந்தப் பெண் கப்பல் ஏறிவிட்டாளா?" யாழினியைத்தான் கேட்பார்; விமானத்தைக் கப்பல் என்றுதான் சொல்வார். கடைசியாக வந்ததற்கு நான் பதில் அனுப்பவில்லை. விசா ஆகட்டும், நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். உண்மையில் பயம். இங்கே வந்தால் யார் பார்ப்பார்கள், ஜுரம் வந்தால் என்ன செய்வேன் என்று. அவருடைய அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் பதினோரு மணி ஆகிவிட்டதா என்று இன்னும் பார்க்கிறேன். திறந்துவிட அவர் இல்லை.

போன வாரம் யாழினியின் விசா வந்ததும் என் கணவர், "கூட்டிட்டு வந்தா யாருடி பாத்துப்பா?" என்று பழைய கேள்வியையே கேட்டார். "நான்தான்" என்றேன். பாதி நாள் வேலை கேட்டிருக்கிறேன். தராவிட்டால் வேலையை விடுவேன்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு தாள்கள்தான். அவற்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் திருச்சியிலிருந்து திரும்பும் டிக்கெட்டைப் போட்டேன். பயணிகள் விவரம் கேட்டது. பெரியவர் ஒன்று, குழந்தை ஒன்று என்று நிரப்பினேன்.

மேடம், ஏறுகிறாள்.