மூலைவரை தெரிய வேண்டும்

பாஸ்போர்ட் படத்துக்கு வந்த பெரியவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "ஐயா, பின்னால வெள்ளைத் திரை, நீங்களும் வெள்ளைச் சட்டை. ரெண்டும் ஒட்டிக்கும்" என்று சொல்லி, தன் வீட்டுக்காரரின் கோட்டை அவருக்கு மாட்டிவிட்டார் போட்டோக்காரம்மா. பக்கத்துக் கடையில் பை தைக்கிற என் கண்ணுக்கு அந்தச் சட்டையின் காலர் தப்பவில்லை. நார் நாராய்க் கிழிந்திருந்தது. அதைப் பற்றி அந்த அம்மா கடைசிவரை மூச்சு விடவில்லை.

எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் அவர் நடுவைப் பார்க்க மாட்டார். பூதக்கண்ணாடியை எடுத்து நேராக மூலைக்குப் போவார். "நடுவுல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க, அண்ணே. ஓரத்துலதான் வண்டவாளம் தெரியும்" என்பார். கல்யாணம் கல்யாணமாகத் தோளில் தூக்கி அலைந்த கேமராவுக்கு 'மூத்தவன்' என்று பெயர். துடைக்கும்போது அதனிடம் பேசவும் செய்வார்.

புது ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் காத்திருக்கும் கூடத்துக்குச் சுவர் முழுக்க ஊர்ப் படம் ஒன்று கேட்டார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். "பயந்துபோய் உட்கார்ந்திருப்பாங்கம்மா. அவங்கவங்க வீட்டைத் தேடிக்கிட்டு இருந்தா மனசு கொஞ்சம் லேசாகும்" என்றார் தலைமை நர்ஸம்மா. "ஆனா ஓரத்து வீடு கலங்கலா இருந்துச்சுன்னா வேண்டாம். கடையில பூப்படம் வாங்கி மாட்டிடுவோம்."

என் வீடு ஊரின் ஓரத்தில்தான், தண்ணீர்த் தொட்டிக்கும் அப்பால்.

அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு ட்ரோன் பித்துப் பிடித்தது. விற்பவர் இரண்டைக் காட்டினார். ஒன்று சின்னது, கேமராவும் அதிலேயே ஒட்டிப் பிறந்தது. மற்றது நம் கேமராவையே தூக்கிக்கொண்டு போவது. இறக்கைகளை விரித்தால் கட்டில் அகலம். விற்பவர் வீடியோவின் பெருமையையே அளந்துகொண்டிருந்தார். "தம்பி, எனக்கு ஓடுற படம் வேண்டாம், நிக்கிற படம் வேணும்" என்று அந்த அம்மா அவர் வாயை அடைத்தார்.

"நான் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ இவ்வளவு யோசிக்கல" என்றார் வீட்டுக்காரர்.

"யோசிச்சிருந்தா உங்க கதி தெரிஞ்சிருக்கும்!"

மனசு என்னவோ பெரியதின் மேல்தான். மூத்தவனைக் கூட்டிப் போகலாமே! "அவன் கண்ணு மாதிரி எவனுக்கு வரும்?" என்று பெரிய ட்ரோனுக்குப் பை தைக்க அளவுகூடக் கொடுத்துவிட்டார். நானும் வெட்டித் தைத்து முடித்துவிட்டேன். ட்ரோனை இன்னும் வாங்கவே இல்லை!

அனுமதி வாங்கி, மைதானத்தில் இரண்டையும் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். பெரியது கிளம்பிய சத்தத்தில் "கடவுளே!" என்று காதைப் பொத்திக்கொண்டேன். மேலே இருந்து பார்ப்பது ஆண்டவன் ஒருவன் வேலை என்று நினைத்திருந்தவன் நான். மூத்தவனின் கனம் தாங்காமல் அது காற்றில் தள்ளாடியது. ஒழுங்காக ஒரு படம் எடுப்பதற்குள் பேட்டரி தீர்ந்து இறங்கிவிட்டது. அந்த அம்மா கிடைத்த ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் விரித்து மூலைக்குப் போனார். தண்ணீர்த் தொட்டி இரண்டாகத் தெரிந்தது. சின்னது போய் வானத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. அதன் படத்தில் தொட்டியின் ஏணிப்படிகள் தனித்தனியாகத் தெரிந்தன.

அந்த அம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். "பெத்த பாசம் கண்ணை மறைச்சிடுச்சு, அண்ணே! மூத்தவன் தரையில ராஜா. மேல ஏத்தினா தலை சுத்துது."

"அப்போ பை?" என்றேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போகத் துணி வெச்சுக்குவோம்" என்றார் வீட்டுக்காரர். அவர் பாட்டுக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அந்த அம்மா சின்னதையே வாங்கினார். ஆனால் அது எடுத்த ஒரு படத்தை மட்டும் சுவர் அளவுக்கு இழுத்தால் தாங்காது. மறுநாள் என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "துணி அகலம் பத்தலைன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"துண்டு சேர்ப்பேன், தங்கச்சி. துணியில உள்ள பூ மேல பூ சரியா உட்காரணும்."

"நானும் அதான் செய்யப் போறேன்." ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறும்படி ஊரைத் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டு தெரியாமல் சேர்த்துவிட்டார்.

படம் மாட்டிய அன்று தலைமை நர்ஸம்மாவும் நேராக ஓரத்துக்குத்தான் போனார். "இது யார் வீடு?"

"என் வீடுங்க." மாடியில் காயப்போட்ட போர்வை மடிப்போடு தெரிந்தது. நர்ஸம்மா தலையை ஆட்டிச் சிரித்தார். அதற்குள் பின்னால் கூட்டம் கூடிவிட்டது. "ஏய், நம்ம வீடுடி!" "தள்ளுங்க, எங்களுக்கும் காட்டுங்க." "மாடி ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? பாரு கறையை!"

இப்போது வேறு ஊர்களிலிருந்தும் அந்த அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் புறப்பட்டு வண்டியில் ஏறினவர், என்ஜினை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார்.

"அண்ணே, ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரிப் படத்துல அத்தனை வீடு வந்திருக்கு, ஒரு ஆள்கூட இல்ல. வந்ததும் மறுபடி எடுக்கிறேன். சத்தம் கேட்டா தையலை அப்படியே போட்டுட்டு அண்ணியோட மாடிக்கு ஏறி வந்துடணும்." விரலை வானத்துக்கு நீட்டினார். "மேல பார்த்துச் சிரிக்கணும், சொல்லிட்டேன்."