அலுமாரிக்குள் இரண்டு குழல்கள்

பழுத்த வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாகக் கலந்ததுபோல ஒரு மணம் அந்த எண்ணெய்க்கு. தொண்ணூறுகளில், ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்றின் சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகைகளை விரித்து, அவற்றின்மேல் மாமா தன்னுடைய வேட்டைத் துவக்கை வைத்து எண்ணெய் போட்டுத் துடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, குசினியில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பின் வாசத்தையும் மீறி அந்த மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்து பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்தவர். நானும் அம்மாவும் அகதிகளாக வந்து இறங்கியபோது பெரிய அறையை எங்களுக்குத் தந்துவிட்டுத் தான் சின்ன அறைக்கு மாறிக்கொண்டவர். அப்பா கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். மாமாவுக்குத் தன்னோடு வேலை செய்த பீற்றர் என்ற வெள்ளைக்காரரோடு வேட்டைக்குப் போகும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, முறைப்படி வாங்கிய துவக்கு அது. வேலையிடத்தில் தான் எதைச் சொன்னாலும் எதிரே நிற்பவர் விளங்காமல் "பார்டன்?" என்று திருப்பிக் கேட்பதாகவும், விடியற்காலையில் சேற்று நிலத்துக் கோரைப்புல்லுக்குள் வாத்துக்காகக் குந்தியிருக்கும்போதுதான் இந்த நாட்டில் ஒருவரும் தன்னிடம் "பார்டன்" கேட்பதில்லை என்றும் மாமா ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

துவக்கு அஜக்ஸில் பீற்றரின் வீட்டில்தான் பூட்டியிருந்தது. பீற்றர் வீட்டை விற்றுக்கொண்டு மேற்கே போனபோது, அதை மாமா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மறைத்துக் கொண்டுவந்திருக்கலாம், ஆனால் அது மாமாவின் குணமில்லை. நீளமான பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, "அக்கா, இதுக்குள்ள துவக்கு இருக்கு. பூட்டித்தான் வைச்சிருப்பன். உங்களுக்குச் சொல்லாம கொண்டுவர விருப்பமில்லை" என்றார்.

அம்மா எங்கள் அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸை இழுத்து, என்னுடைய பள்ளிக்கூட உடுப்புகளை மடித்து வைக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில், சண்டைக்காலத்தில், அம்மாவுக்கு என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா ஒருபோதும் சொன்னதில்லை. படிக்கட்டில் ஒரு கதவு அடித்துச் சாத்தினால் அவர் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவார் என்பதும், தெருவில் பொலிஸ்காரரைக் கண்டால் என் கையை இறுக்கிப் பிடிப்பார் என்பதும் மட்டுமே எனக்குத் தெரியும். மாமா அறை வாசலில் நின்றார்.

"எங்க அக்கா போகப்போறீங்கள்?"

"மார்க்கம் ரவுணில என்னோட படிச்ச பிள்ளை இருக்கிறாள். அவளிட்டைப் போறன். உது இருக்கிற வீட்டில நான் படுக்கமாட்டன்."

"சரி. வித்துப்போடுறன். அதுவரைக்கும் பொறுங்கோ."

சூட்கேஸ் திரும்பிக் கட்டிலுக்கு அடியில் போகவில்லை, கதவோரமாகவே நின்றது. மாமா விளம்பரம் போட்டார். ஒருவர் ஞாயிறு பின்னேரம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். துவக்கு ஒன்று, ஆனால் அதற்கு மாற்றி மாற்றிப் போட இரண்டு குழல்கள்: பறவைக்கு நீளமானது, மானுக்குக் கட்டையானது. இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன என்று காட்டவேண்டும் என்பதால்தான் அந்தப் பத்திரிகையும் எண்ணெயும் மேசைக்கு வந்தன.

அம்மா குசினிக்குள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்று பார்ப்பதற்காக மாமா குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தபோது, "சளக்" என்று ஒரு சத்தம். அம்மாவின் அகப்பை நிலத்தில் விழுந்தது.

"உந்தச் சத்தம் இல்லாமச் செய்யேலாதோ?"

"ஏலாதக்கா. உள்ளுக்க ஒண்டும் இல்லையெண்டு கண்ணால பார்த்து, விரலையும் விட்டுப் பார்த்த பிறகுதான் கழட்டவேணும்."

குழலுக்குக் கீழே இருந்த மூடியை மாமா திருகிக் கழற்றினார். குழலைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார். அவ்வளவுதான், அது கையோடு வந்துவிட்டது. ஒரு கையில் குழலும் மறுகையில் மிச்சமுமாக அவர் நின்றபோது அம்மா திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப அது சுடுமோ?"

"எப்பிடியக்கா சுடும்? இது வெறும் குழாய்."

"இஞ்ச தா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு குழலைத் துணியால் துடைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி, பாரத்தைப் பார்ப்பவர்போலக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு பல்கனிப் பக்கம் திரும்பி, அதைக் கண்ணில் வைத்து வெளியே பார்த்தார்.

"வெளிச்சம் தெரியுது" என்றார் அம்மா. குழலை இறக்காமலே பேசினார். "எங்கட வீட்டுக்குப் போற ஒழுங்கைக்குள்ள ஆமிக்காரன் ஒருத்தன் இதை என்ர கழுத்தில வைச்சவன். இவளை இடுப்பில வைச்சிருந்தன். இவள் அந்த ஓட்டைக்குள்ள விரலை விடப் பார்த்தாள். அவன் சிரிச்சுப்போட்டுத் துவக்கை எடுத்திட்டான். அண்டையிலயிருந்து எனக்கு இதின்ர வாய் மட்டுந்தான் தெரியும். மற்றப் பக்கம் என்ன இருக்கெண்டு தெரியாது."

மாமாவுக்கும் அந்தக் கதை அன்றைக்குத்தான் தெரியும். அவர் கதிரையில் இருந்துவிட்டார். இடுப்பிலிருந்த அந்தக் குழந்தை நான்தான் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அம்மா அழவில்லை. குழலை மேசையில் வைத்துவிட்டு, "சரி, மற்றதைப் போடு, பாப்பம்" என்றார்.

மாமா கட்டைக் குழலைப் போட்டார். "கழட்டு" என்றார் அம்மா. கழற்றினார். "விடு, நான் செய்யிறன்." முன்பிடி பாதிவழியில் நிற்காவிட்டால் குழல் உள்ளே போய் இருக்காது என்று மாமா காட்டிக்கொடுக்க, அம்மா இரண்டுதரம் பிழைவிட்டு மூன்றாம்தரம் சரியாகப் பொருத்தி, மூடியைத் திருகி இறுக்கினார். பிறகு தானே அதைக் கழற்றித் துண்டு துண்டாகப் பத்திரிகையில் வைத்தார். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு ஒருவரும் அதைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

பின்னேரம் கதவு தட்டப்பட்டது. மாமா எழும்புவதற்குள் அம்மா போய்த் திறந்தார். பெரிய தாடியோடு ஒருவர் நின்றார். அதுவரை இங்கிலிஷ் பேசவேண்டிய இடத்தில் என்னை முன்னுக்குத் தள்ளிவிடும் அம்மா, அன்று தானே சொன்னார்: "சொறி. நோ சேல்." பாவம் அந்த மனுசன், தூரத்திலிருந்து வந்திருந்தார். அம்மா அவரை நிற்கச் சொல்லி, சூடாக மட்டன் ரோல்ஸ் பொதிசெய்து கொடுத்து அனுப்பினார்.

கதவைச் சாத்திவிட்டு மாமாவிடம் சொன்னார்: "குழல் ரெண்டும் என்ர அலுமாரிக்க இருக்கும். மிச்சத்தை நீ உன்ர அறையில பூட்டி வை. போகேக்க என்னட்டைக் கேட்டு வாங்கு."

அப்படித்தான் பல வருடங்கள் நடந்தது. சீலைகளுக்குப் பின்னால், துணி சுற்றிய இரண்டு குழல்கள் பூட்டிய அலுமாரிக்குள் நின்றன. வேட்டைக்குப் போவதற்கு முதல்நாள் மாமா வந்து நிற்பார், அம்மா சாவியை எடுத்துக்கொண்டே, "மானோ, வாத்தோ?" என்று கேட்டு, சரியான குழலை எடுத்துக் கொடுப்பார். அடுத்த வருடம் அப்பா வந்து, சேட்டு மாட்ட அலுமாரியைத் திறந்து திடுக்கிட்டபோது அம்மா சிரித்த சிரிப்பை நான் முதன்முதலாகக் கேட்டேன். மாமா கொண்டுவந்த மான் இறைச்சியை அம்மா யாழ்ப்பாணத் தூள் போட்டுப் பிரட்டல் வைக்கும் நாளில் எங்கள் மாடிக்காரர்கள் எல்லாரும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

இன்று மாமாவுக்கு முழங்கால் வருத்தம். துவக்கை எப்போதோ கொடுத்துவிட்டார். அவர் வாத்துக்குக் காத்திருந்த சேற்று நிலங்களில் வரிசையாக வீடுகள் எழும்பிவிட்டன. கதவு அடித்தால் பேச்சை நிறுத்தும் அந்த அம்மாவும் இப்போது இல்லை. அவர் இருந்த இடத்தில், எழுபது தாண்டிய, வாய் ஓயாத ஒரு மனுசி இருக்கிறார்.

போன மாதம் அவரை டொக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டுவிட, காத்திருந்தவர்களில் ஒரு பெண், இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவள்போல இருந்தவள், காதுகளைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அம்மா எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். "மீ ஓல்சோ" என்று சொல்லித் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அந்த ஒழுங்கையில் நடந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினார். நடுவில் நேர்ஸ் வந்து அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். அவள் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.