மூணுபெட்டி அண்ணனுக்கு ஒரு பெட்டி

செருப்புக் கடையில் முப்பத்தொரு வருஷம் உழைத்த மனிதருக்கு, கடையே கூடி நின்று, கால் நுழையாத ஷூவைப் பரிசாகக் கொடுத்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்தக் கடையின் பில் கவுண்டரில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை என்பதுதான் கேவலம்.

அவரை மூணுபெட்டி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒருவர் ஏழாம் நம்பர் கேட்டால், ஏழு ஒன்று, எட்டு ஒன்று, கேட்காத மாடலில் ஒன்று என மூன்று பெட்டிகளோடுதான் உள்ளறையிலிருந்து வருவார். இருக்கிறதா பார்க்கிறேன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எந்த மாடலில் எந்த நம்பர் இருக்கிறது, எதைக் கம்பெனி செய்வதே கிடையாது என்பதெல்லாம் மனப்பாடம். மண்டியிட்டு, வந்தவர் காலைத் தன் தொடைமேல் வைத்து, ஷூவின் நுனியை அழுத்திப் பார்ப்பார். சாயங்காலம் கால் வீங்கும், ஒரு சைஸ் கூட எடுங்கள் என்பார். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அவருடைய காலை மட்டும் யாரும் பார்த்ததில்லை. விரிப்பு அழுக்காகுமாம், அதனால் விற்பனை ஆட்கள் செருப்பை வாசலில் விட்டு சாக்ஸோடுதான் நிற்க வேண்டும். ஸ்டூல் வாடிக்கையாளருக்கு மட்டும். நாள் முழுக்க நின்று நின்று அந்தக் கால் என்ன ஆயிற்று என்று கேட்க, எதிரிலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது என் கவுண்டர் பக்கம் வந்து தயங்கினார். அதற்குப் பிறகும் தினம் அரை நாளாவது வரட்டுமா என்று முதலாளியிடம் நான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். மகள் பிரசவத்துக்குப் போன அண்ணி அங்கேயே தங்கிவிட்டார்கள்.

"வீட்ல சுவத்தப் பாத்துக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

நீங்களே கேட்கலாமே என்றேன். தலையைச் சொறிந்தார். ஊருக்கே பேசி விற்ற வாய்க்குத் தனக்கென்று ஒன்று கேட்க வரவில்லை.

நான் கேட்டேன். முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வேண்டாம் என்றார். புதிதாக ஒரு பெண் வரப்போகிறாளாம். அதை அப்படியே போய்ச் சொல்ல வேண்டியதுதானே? அண்ணன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் மழுப்பிவிட்டது. பார்க்கலாம் என்கிறார் என்று சொல்லிவைத்தேன். என்ன நாக்கோ இது! ஒரு மாதம் முழுக்க அந்தப் 'பார்க்கலாமை' நம்பிக்கொண்டு அந்த மனிதர் பெட்டி தூக்கினார்.

கடைசி நாள் சாயங்காலம் கடையிலேயே விழா. அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அதில் அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். முதலாளி வாயைத் திறக்கும்போதெல்லாம், அரை நாள் வேலையைத்தான் சொல்லப்போகிறாரோ என்று அண்ணன் முன்பக்கமாகச் சாய்ந்தார். கடையின் தூண், குடும்பத்தில் ஒருவர் என்றெல்லாம் வந்தது. இனிமேல் நன்றாக ஓய்வெடுங்கள் என்று பேச்சு முடிந்தது. கைதட்டினோம். நானும் தட்டினேன்.

பிறகு பெட்டியை நீட்டினார்கள். கயிறு கட்டுகிற பழுப்புத் தோல் ஷூ, எட்டாம் நம்பர். இருபத்தேழு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கால் அளவு எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து எடுத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் கால் அளக்கிற கடை! போட்டோவுக்காக அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அவர் பெட்டியின் ஓரத்தில் இருந்த நம்பரைப் பார்த்தார். குதிகாலை எப்படியோ திணித்து, எழுந்து நான்கடி நடந்து காட்டினார். கிட்டே போய் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலம்மா. கால் மரத்துப்போய் வருஷக்கணக்காச்சு."

எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால் பெட்டியோடு நிற்கிறார். மாற்ற வேண்டும் என்றார். பில் இல்லாமல் மாற்றக் கூடாது என்பது கடைச் சட்டம். அவரே எத்தனையோ பேரிடம் சொன்னது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று உள்ளே விட்டேன். பழக்கதோஷம், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

புதுப் பெண்ணுக்கு அவர் யாரென்று தெரியாது. ஸ்டூலில் உட்காரவைத்து, அளவுப் பலகையில் காலை வைக்கச் சொன்னாள். பத்து. இருக்கிறதா பார்க்கிறேன் சார் என்று உள்ளே போனவள், நெடுநேரம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து இல்லை என்றாள்.

"இருக்காதும்மா. இந்த மாடல்ல கம்பெனிக்காரன் ஒன்பதோட நிறுத்திருவான்."

எனக்குச் சுருக்கென்றது. இது தெரிந்தேதான் வந்திருக்கிறார். அதற்குள் கவுண்டர் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"முதலாளி ஏதாவது சொன்னாரா?"

"அன்னிக்கே வேணாம்னுட்டாருண்ணே. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

சரிம்மா என்றார். திட்டியிருக்கலாம். ஷூவின் மேல் மெல்லிய தாளை மடித்துப் போட்டார், மூடியை மூடினார். அலமாரிக்குப் போய், எட்டாம் நம்பர் வரிசையில் நம்பர் வெளியே தெரியும்படி பெட்டியைச் செருகினார். வாசலில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் ஒருவர் வந்து அதே மாடலில் எட்டு கேட்டார். அந்தப் பெண் போய் ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். நான் பில் போட்டேன்.