ஒரு தகரம் மட்டும் கேட்டவள்

நல்ல செய்தி வந்த அன்றே எங்கள் வீட்டில் அழுகையும் வந்தது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும், சகோதர சகோதரிகளே.

என் மகள் எஸ்தருக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த காலையில், லயத்து வரிசை வீடுகளில் உள்ள சனமெல்லாம் எங்கள் வாசலில் நின்றது. மூன்று பாடமும் நன்றாகச் சித்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டொஃபி கொடுத்துக் கையே ஓய்ந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் எரியாத அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

நான் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவள். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். எஸ்தர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்மீது ஒரு வேன் மோதியது. பொலிசில் வாக்குமூலம் கொடுத்தார். இவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதினார்கள், இவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பிறகு அதன் பிரதி கைக்கு வந்தபோது, பள்ளியில் சிங்களம் படித்த எங்கள் பிள்ளை வாசித்துப் பார்த்தது.

“அப்பா, வேன் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு நீங்க சொன்னீங்களே, அது இதுல இல்லயேப்பா.”

அந்த விஷயம் அதோடு போய்விட்டது. ஆனால் பிள்ளை அதை மறக்கவில்லை. சட்டம் படிக்க வேண்டும் என்று அன்று பிடித்த பிடிவாதம்தான், பிறகு வேறு பேச்சே இல்லை.

எங்கள் தோட்டத்தில் பிறந்து ஆசிரியரான சேர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷன். சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் பெறுபேற்றைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் ஓடுவார்கள். பிள்ளை எடுத்த புள்ளிகளை வைத்து இசட் புள்ளி என்று ஒன்று வரும். ஒவ்வொரு படிப்புக்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு வெட்டுப்புள்ளி இருக்கும். அதைத் தொட்டால் பல்கலைக்கழகத்தில் இடம், தொடாவிட்டால் இல்லை. இந்த வருஷத்து வெட்டுப்புள்ளி கடைசியில்தான் தெரியும் என்பதால், போன வருஷத்ததை வைத்துத்தான் கணிக்க முடியும்.

அன்றைக்கே நான் அவரிடம் போய், “எங்க புள்ளைக்கு எது கெடைக்கும் சேர்?” என்று கேட்டேன்.

அவர் போனைத் தடவித் தடவிப் பார்த்தார். “நம்ம கேகாலை மாவட்டத்துக்குப் போன வருஷம் வந்ததுக்கு இவ கொஞ்சூண்டு கீழ நிக்கிறா. சட்டம் கஷ்டம். கலைப்பீடம் கட்டாயம் கெடைக்கும். விண்ணப்பத்துல அத மொதல்ல போடுங்க. மனசத் தேத்திக்கங்க.”

அழுகைக்குக் காரணம் அதுதான். மலைக்கு அந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி குறைவு, அங்கே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று வந்தவர்கள் எல்லாரும் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது பெரிய ஏமாற்றம் இல்லை. பிள்ளைதான் அழுதாள். நான் அவளுக்காக அழுதேன். கலைப்பீடம் கிடைத்தால் போதாதா என்றுதான் என் மனம் சொன்னது. எங்கள் வளர்ப்பு அப்படி. மழைக்காலத்தில் எங்கள் கூரை மூன்று இடத்தில் ஒழுகும். தோட்டத்து ஆபிசுக்குப் போனால் நான் ஒரு தகரம்தான் கேட்பேன். மூன்று கேட்டால், “ஒனக்கு மட்டும் அரண்மனையா?” என்று எங்களை மேற்பார்க்கிற கண்டாக்கையா விரட்டிவிடுவார். ஒன்று கேட்டால் எப்போதாவது கிடைக்கும். மற்ற இரண்டு இடத்துக்குச் சட்டியும் வாளியும் வைத்துக்கொள்வோம். என் தாய் அப்படித்தான் கேட்டாள், நானும் அப்படியே கேட்டுப் பழகிவிட்டேன்.

மறுநாள் நானும் எஸ்தரும் முழங்காலில் நின்றோம். நான் வாய்விட்டு ஜெபித்தேன். ஆண்டவரே, ஏதோ ஒன்று கொடும், எங்கள் தகுதிக்கு ஏற்றதைக் கொடும், சின்னதாக இருந்தாலும் போதும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எஸ்தர் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“அம்மா, சாமிக்கிட்டயும் ஒரு தகரந்தான் கேப்பீங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜெபத்தில் இருக்கும்போது வாய்க்கு வாய் பேசுகிறாயா என்று சத்தம் போட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் வழக்கம்போல் பால் வெட்ட மலைக்குப் போனேன். மரத்துக்கு மரம் வெட்டிக்கொண்டே போகும்போது பிள்ளை சொன்னதுதான் மனதில் ஓடியது. கேளுங்கள், கொடுக்கப்படும் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஆண்டவரையும் தோட்டத்து ஆபிஸ் மாதிரியே நினைத்து நடந்திருக்கிறேன். அவர் என்றைக்காவது என்னை விரட்டினாரா? ஒரு மரத்தடியில் நின்றேன். கத்தியைக் கீழே வைத்தேன். “ஆண்டவரே, என் புள்ளைக்குச் சட்டம் வேணும்” என்று சத்தமாகச் சொன்னேன். யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தேன். சொன்ன பிறகு அப்படியொரு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை. இத்தனை வருஷம் எனக்கு வேண்டியதை ஒருநாளும் நான் கேட்கவே இல்லையே என்ற அழுகை.

வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கை கழுவிய கையோடு சேர் வீட்டுக்குப் போனேன்.

“சேர், சட்டத்த மொதல்ல எழுதினா, கலைப்பீடம் கையவிட்டுப் போயிருமா?”

“போகாது. மொதல்ல உள்ளது கெடைக்கலன்னாதான் அடுத்தத பாப்பாங்க. அப்பவும் இவளுக்குக் கலைப்பீடம் வரும்.”

“அப்ப ஏன் சேர் கலைப்பீடத்த மொதல்ல போடச் சொன்னீங்க?”

“எது கெடைக்கும்னுதானே கேட்டீங்க. எது வேணும்னு கேக்கலயே. அதோட, ஆசப்பட்டு அழுத புள்ளைங்கள நான் நெறையப் பாத்துட்டேன்க்கா. அந்த அழுகைய இவளுக்கும் குடுக்க வேணாம்னு நெனச்சேன்.” அவரும் எங்கள் லயத்தில் வளர்ந்தவர்தானே. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் வரவில்லை.

விண்ணப்பம் போட டவுனில் உள்ள ஒரு கொமியுனிகேஷன் கடைக்குப் போனோம். கணினியில் பதிந்து கொடுத்தது ஒரு சிங்களத் தங்கச்சி. அவள் எஸ்தரைப் பார்த்து, “நங்கி, முலின்ம ஓனே மொகக்த?” என்று கேட்டாள். தங்கச்சி, முதலாவதாக என்ன வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். எஸ்தர் என்னைத்தான் பார்த்தாள். நான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

“சட்டம்” என்றேன். தமிழில் சொல்லியும் அந்தத் தங்கச்சிக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஜெபக்கூட்டத்தில் நான் எழுந்து சட்டம் என்று பெயர் சொல்லிக் கேட்டபோது சிலர் சிரித்தார்கள். ஆசைக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் சில நாள் நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆனால் கேட்பதைக் குறைக்கவில்லை.

வெட்டுப்புள்ளி வெளிவந்த அன்று நான் மலையில் இருந்தேன். எஸ்தர் செருப்புக்கூடப் போடாமல் சரிவில் ஓடி வந்தாள். “கெடச்சிருச்சும்மா! சட்டம்மா!” கேகாலைக்கு அந்த வருஷம் புள்ளி இறங்கியிருந்தது. பால் வாளி பக்கத்தில் இருப்பதைக்கூட மறந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். சேர் போன் பண்ணினார். பேச வந்தவருக்கு அழுகைதான் வந்தது.

புள்ளி ஏறுவதும் இறங்குவதும் வருஷத்துக்கு வருஷம் நடப்பதுதான் என்று சேர் பிறகு விளக்கினார். இருக்கலாம். அதே வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு பிள்ளையும் ஜெபித்துக் கேட்டாள், அவளுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். அவளுக்காக இன்றைக்கும் ஜெபிக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த மரத்தடியில் நான் பெரிதாகக் கேட்டபோது ஆண்டவர் என்னை விரட்டவில்லை. அதற்கு நான் சாட்சி.

இப்போது பெறுபேறு வந்தால் சில தாய்மார் சேரிடம் போகும் வழியில் என்னிடமும் வருகிறார்கள். எனக்குக் கணக்குத் தெரியாது. பிள்ளைக்கு எது வேண்டும் என்று முதலில் கேளுங்கள், அதை முதல் வரியில் எழுதுங்கள், பிறகு முழங்காலில் நில்லுங்கள் என்று மட்டும் சொல்வேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

போன மழைக்கு முன்னால் ஆபிசுக்குப் போனேன். மூன்று தகரம் வேண்டும் என்றேன். கண்டாக்கையா என்னை மேலும் கீழும் பார்த்தார், முணுமுணுத்தார், கடைசியில் இரண்டு எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இப்போது ஒரே இடத்தில்தான் ஒழுகுகிறது. அந்த மூன்றாவது தகரத்தை ஆபிசிலும் ஆண்டவரிடமும், இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.