பரமேஸ் அக்கா கேட்ட ஒரு பக்கம்

பரமேஸ் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, பனியில் இறங்க மனமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகள்தான் பேசினார். "அம்மா விடியப்புறம் போயிட்டா அங்கிள். நித்திரையிலைதான்" என்றார். கடைக்குள் போகாமலே வீட்டுக்குத் திரும்பினேன். அன்று பின்னேரமே இங்குள்ள எங்கள் ஊரவர் ஒன்றியத்தின் செயலாளர் அழைத்தார். "ஆண்டு மலரிலை அக்காவுக்கு ஒரு பக்கம் போடுவம் அண்ணை. நீங்கள்தான் எழுதித் தரவேணும்" என்றார். சரி என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்காவை உங்களில் பலர் ஊரிலேயே அறிவீர்கள். வன்னியில் எங்கள் பிரதேச சபைப் பகுதியின் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். குளம் நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் உழுந்தும் கவலையும் என்று வாழும் இடம் அது. போர் எல்லாரையும் கிளப்பியபோது அவரும் கிளம்பினார். இங்கே, இந்தக் குளிர் நாட்டில், மரக்கறி பொதி செய்யும் ஆலையொன்றில் முதுகு ஒடிய வேலை செய்தார். கடைசிக் காலத்தில் மகளோடு நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் குடியேறினார். வீடு பெரிது, புதிது, வசதிக்குக் குறைவில்லை. கார் ஓடத் தெரியாத அக்காவுக்கோ அது ஆளில்லாத தீவு. "பஸ்ஸைக் கண்ணாலை காணுறதுக்கே காரிலை போகவேணும்" என்பார்.

போன மாசியில் ஒன்றியக் கூட்டத்துக்கு அவரை ஏற்றப் போனேன். வாசலில் முகம் வாடி நின்றார்.

"என்னக்கா, சுகமில்லையோ?"

"மழை பெய்யுது."

வெளியே நல்ல வெயில். பனியில் கண் கூசியது. "எங்கையக்கா மழை?" என்றேன்.

"அங்கை. அறுத்த நெல்லெல்லாம் றோட்டிலை காயுது. பெருமாள் நெல்லை மூடப் படங்கு தேடி ஓடித் திரியிறான்."

பெருமாள் அக்காவின் வயலைச் செய்பவர். சிறு வயதில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் எங்கள் பக்கம் வந்து குடியேறியவர். ஞாயிறு தவறாமல் அவருடன் அக்கா தொலைபேசியில் பேசுவார். அன்று கூட்டம் நடக்கும் மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் அக்கா அந்த நெல்லை நினைத்துக்கொண்டே வந்திருப்பார்.

அந்தக் கூட்டத்தில்தான் மலருக்கான அறிமுகக் கட்டுரையைச் செயலாளர் வாசித்தார். எங்கள் பிரதேச சபையின் எல்லைகள், குளங்கள், கோயில்கள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் அதில் இருந்தன. பிறகு 'எமது பகுதியின் கமக்காரர்கள்' என்று விவசாயிகளின் பெயர்கள் கொஞ்சம். முடிந்ததும் எல்லாரும் கைதட்டினோம். அக்கா மட்டும் சிரித்தார்.

"தம்பி, உதிலை இருக்கிற கமக்காரர் எல்லாரும் இப்ப எங்கை இருக்கினம்?"

செயலாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். ஒருவர் இங்கே விட்பியில், ஒருவர் மார்க்கம் நகரில். இன்னும் சிலர் அந்த மண்டபத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் காலமாகிவிட்டார்கள். இருப்பவர்கள் மண்வெட்டியைத் தொட்டே பல வருடமாகிறது. இப்போது அவர்கள் அள்ளுவதெல்லாம் வாசலில் விழும் பனியைத்தான்.

"அப்ப வயலை ஆர் செய்யினம்?"

"குத்தகைக்காரர்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவையளுக்குப் பேர் இல்லையோ?"

"அக்கா, அவை எங்கட ஊர் ஆக்கள் இல்லையே. வந்த ஆக்கள்" என்றார் செயலாளர், மரியாதை குறையாமல்.

"நாங்களும் இங்கை வந்த ஆக்கள்தான். எங்களை விட்டிட்டு ஸ்காபரோவைப் பற்றி ஒருத்தன் எழுதினால் நீங்கள் சும்மா இருப்பியளோ?"

அக்கா கேட்டது ஒரு பக்கம். எங்கள் பகுதியில் இன்றைக்கு யார் உழுகிறார்கள் என்று சொல்ல ஒரே ஒரு பக்கம். அதை மறுக்க ஒருவருக்கும் முகம் இருக்கவில்லை.

மலரைத் தொகுப்பவன் நான் என்பதால் தட்டெழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அக்கா ஊருக்கு அழைத்து அழைத்து விசாரிப்பார், பிறகு எனக்குச் சொல்லுவார். என் எழுத்து அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஓரிடத்தில் 'ஏழைத் தொழிலாளி' என்று எழுதியிருந்தேன். "ஏழை எண்டு போடாதேங்கோ. பரிதாபப்படவோ அவையளைப் பற்றி எழுதிறம்? கமக்காரர் எண்டு போடுங்கோ" என்றார். போட்டேன். இலையுதிர்காலம் முடியுமுன் பக்கம் முடிந்தது. வாசித்துக் காட்டியபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பெருமாளுக்குச் சொல்லிப்போட்டன், பேர் வருதெண்டு" என்றார்.

இறுதிக்கிரியை முடிந்த பிறகு மலரின் அச்சுக்கு முந்திய இறுதிப் பிரதி செயலாளரிடமிருந்து வந்தது. அக்கா சொல்லி நான் எழுதிய பக்கத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் மாலை போட்ட அவருடைய படமும், கீழே இந்த அஞ்சலிக்கான வெற்றிடமும் இருந்தன. செயலாளரை அழைத்தேன்.

"விளம்பரப் பக்கங்களிலை கை வைக்கேலாது அண்ணை. அச்சுக்குப் போற நேரம். அக்கான்ரை பக்கத்தைத்தானே அக்காவுக்குக் குடுத்திருக்கிறம்" என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. மயானத்தில் என்னைவிட அதிகம் அழுதவர் அவர்தான். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. செத்த மனிதருக்கு மரியாதை செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே, உயிரோடு இருந்தபோது அவர் கேட்ட ஒரே பொருளைப் பறித்திருக்கிறோம். அக்காவின் சாவு எனக்கு உண்மையில் உறைத்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் பெருமாளை அழைத்தேன். நெடுநேரம் அழுதார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க பேரெல்லாம் புத்தகத்துல வருதுன்னு அம்மா சொன்னாங்க. வருங்களா ஐயா?"

வரும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, அக்காவின் படத்தைச் சிறிதாக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் எவ்வளவு நல்லவர் என்று எழுத வைத்திருந்த வரிகளையும் எடுத்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாததா அது? அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த மண்டபத்தில் அவர் கேட்ட கேள்வியை மட்டும்தான். அவையளுக்குப் பேர் இல்லையோ?

இருக்கிறது அக்கா. அறுவடை முடியும்வரை ஆனை பயிரை அழித்துவிடாமல் வயலிலேயே காவல் படுத்துக் கிடக்கும் பெருமாள். தண்ணீர் எட்டாத வாய்க்கால் கடைசியில் நிலக்கடலை போடும் கருப்பையா. கணவனைப் போரில் பறிகொடுத்த பிறகும் காலபோக விதைப்பு ஒன்றையும் தவறவிடாத மாரியாய். அவரோடு சேர்ந்து விதைக்கும் மகள் செல்வி. குளக்கட்டு உடைந்த இரவில் மண்மூட்டை சுமந்த சிவனு.

இவர்கள் எமது பகுதியின் கமக்காரர்கள்.